போன வார விலை

விலையக்காவின் மண்டையை முதலில் உடைத்தது ஒரு வெங்காய வியாபாரி. அவருக்கும் அவளுக்கும் எந்தப் பகையும் கிடையாது. பதினெட்டு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் "இன்னிக்கு என்ன விலைண்ணே?" என்று அவள் கேட்பாள், அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். அந்த மனிதர்தான் அன்று அரைக்கிலோ எடைக்கல்லை எடுத்து வீசினார். இடது புருவத்துக்கு மேலே பட்டது. அவள் கையிலிருந்த தாளில் இரத்தம் சொட்டி சோப்பு, தீப்பெட்டி, பால்மாவு என்று மூன்று வரிகள் நனைந்தன. அந்தத் தாள் என் மேசைக்கு வந்தபோது கறை காய்ந்து பழுப்பாகியிருந்தது. மூன்று வரிகளிலும் விலை சரியாக எழுதப்பட்டிருந்தது. அடி விழுந்த பிறகு எழுதினாயா, முன்னாலா என்று கேட்டேன்.

"வெங்காயம் பதினேழாவது வரி. சோப்பு நாப்பதாவது. நீங்களே பார்த்துக்கோங்க, கூட்டல் சார்" என்றாள்.

என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவள் மார்க்கெட்டுக்குப் போய் விலை எடுத்து வருவாள். நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கூட்டுவேன். அறுபத்திரண்டு பொருள்கள், ஒரு சாதாரணக் குடும்பம் என்னென்ன வாங்கும் என்று யாரோ எப்போதோ போட்ட பட்டியல். அந்த விலைகளை எல்லாம் கூட்டிப் பெருக்கி வகுத்தால் கடைசியில் ஒரே ஒரு எண் மிஞ்சும். விலைக் குறியீடு என்று அதற்குப் பெயர். அது ஏறினால் நாட்டிலுள்ள தொழிற்சாலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் சம்பளம் ஏறும், ஏறாவிட்டால் ஏறாது. ஒப்பந்தம் அப்படி. நாட்டின் பொருளாதாரம், பொருளாதாரம் என்று பெரிய மனிதர்கள் தொண்டை கிழியப் பேசுகிறார்களே, அது எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு ஜோடி தேய்ந்த செருப்பும் ஒரு பென்சிலும்தான்.

விலை விஷயத்தில் அவள் ஒரு பொய் எழுதியதில்லை. இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அது அவளுக்கு இருந்த ஒரு கோளாறு. ரொட்டிக்காரர் விலையை ஏற்றாமல் எடையைக் குறைத்தால் அவளை ஏமாற்ற முடியாது. பைக்குள்ளிருந்து கொக்கித் தராசை எடுத்து ரொட்டியைத் தொங்கவிட்டுப் பார்ப்பாள்.

"என்னண்ணே, போன வாரத்துக்கு இது முப்பது கிராம் இளைச்சிருக்கே. காய்ச்சலா?"

கடையில் நிற்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள், ரொட்டிக்காரர் உட்பட. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "விசாரிச்சேன் சார், விலை கட்டுப்படியாகலை" என்றாள். உண்மையான காரணம் அவளுடைய தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அவளே சோறு போட்டு, படிக்க வைத்து, டயர் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டாள். சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அவள், தம்பி, தம்பி மனைவி, ஆறு மாதக் குழந்தை. கீழே இஸ்திரிப் பெட்டியின் சூடு மேலே தரை வரைக்கும் ஏறும். அந்த வீட்டில் எதைப் பற்றிச் சண்டை வந்தாலும் தம்பி ஒரே வரியில் முடித்துவிடுவானாம்: "அக்கா சொன்னா சொன்னதுதான்."

இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதனைக் கொன்றது இதுதான்.

அந்த வருஷம் எங்கள் நாட்டுத் தாதுவை வாங்க உலகத்தில் ஆளில்லாமல் போனது. நாங்கள் மண்ணைத் தோண்டி விற்று, அந்தக் காசில் மாவும் எண்ணெயும் வாங்கித் தின்கிற நாடு. எங்கோ சில பெரிய நாடுகளில் உருக்காலைகளை மூடினார்கள்; தாது விலை பாதியாக விழுந்தது; எங்கள் கஜானாவில் வெளிநாட்டுப் பணம் வற்றிப்போனது. அரசாங்கம் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. என்ன செய்தது என்று தெரியும். சம்பளம் கொடுக்க நோட்டு அடித்துத் தள்ளியது. நோட்டு பெருகியதும் விலை ஏறியது. விலை ஏறியதும் பழியைத் தூக்கி வியாபாரிகள் தலையில் போட்டது. முப்பது பொருள்களுக்கு உச்ச விலை வைத்து உத்தரவு வந்தது. சமையல் எண்ணெய் லிட்டர் எண்பதுக்கு மேல் விற்றால் ஜெயில். கப்பலிலிருந்து இறங்கும்போதே அந்த எண்ணெய் நூற்று முப்பது.

உத்தரவு வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. கட்டுப்பாட்டு அதிகாரிகள் லாரியில் வந்து இறங்கினார்கள். ஒரு கையில் தாள் செருகிய அட்டை, இன்னொரு கையில் தடி. விலைப் பலகையைப் பார்ப்பார்கள், அட்டையில் எழுதுவார்கள், அப்புறம் அடிப்பார்கள். முட்டைக்காரரின் தட்டுகளைத் தெருவில் கவிழ்த்து பூட்ஸ் காலால் மிதித்தார்கள். வெங்காய வியாபாரியின் அண்ணனைக் குப்புறத் தள்ளி, அவருடைய தராசுத் தண்டாலேயே முழங்கையை முறித்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் நாலு கடை தள்ளிக் கேட்டதாகச் சொன்னார்கள். லாரி கிளம்பி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. விலையக்கா தன்னுடைய அட்டையோடு சந்து முனையில் வந்து நின்று, "இன்னிக்கு என்ன விலைண்ணே?" என்றாள்.

அட்டையோடு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கும்பல் என்று அந்த மனிதர் நினைத்ததில் என்ன தப்பு?

கல் பட்டு அவள் உட்கார்ந்ததும் இன்னும் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் அவள் முடியைப் பிடித்தான். அப்போதுதான் பீப்பாய் அண்ணன் நடுவில் புகுந்தார். எண்ணெய்க் கடைக்காரர். அவர் கடையில் இரண்டு பெரிய பீப்பாய்கள் இருக்கும். மேலே கைப்பம்பு, பக்கத்தில் புனல். ஜனங்கள் பாட்டிலைக் கொண்டுவந்து வாங்கிப்போவார்கள். அவர்தான் மூன்றாவது பீப்பாய் என்று மார்க்கெட் முழுக்கக் கேலி. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் மெதுவாக நடந்துதான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அன்று ஓடினார்.

"எவன்டா அவ முடியைப் பிடிச்சவன்? விடுடா! இவ விலை கேக்கறவடா, விலை வெக்கறவ இல்ல!"

தன் கடையில் இருந்த ஒரே முக்காலியில் அவளை உட்காரவைத்து, எண்ணெய்ப் பிசுக்கேறிய துண்டை மடித்துப் புருவத்தில் அழுத்திப் பிடித்தார். "நாளைக்கு இந்த இடத்துல முடி நல்லா வளரும் பாரு" என்று கிண்டல் வேறு. அவள் அழவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாளாம்.

"அண்ணே, உங்க யார் பேரும் என் அட்டையை விட்டு வெளிய போகாது. நான் இருக்கற வரைக்கும் போகாது."

இது அவளாகக் கொடுத்த வாக்கு இல்லை. எங்கள் தாளின் தலைப்பிலேயே அச்சடித்திருக்கும்: கடைகளின் விவரம் எக்காரணம் கொண்டும் வெளியிடப்பட மாட்டாது. அலுவலக விஷயம் எதையும் வீட்டில்கூடப் பேசக் கூடாது என்று வேலையில் சேரும்போது எங்களிடம் உறுதிமொழி வாங்கிக்கொள்வார்கள். அவள் இரண்டையும் காப்பாற்றினாள்.

எண்பதுக்கு விற்க வேண்டிய எண்ணெயை எந்தக் கடைக்காரர் நூற்று முப்பதுக்கு வாங்குவார்? இரண்டே வாரத்தில் பீப்பாய்கள் காலி. பிறகு மாவு, சர்க்கரை, பால்மாவு, சோப்பு. அலமாரிகளில் தூசிதான் இருந்தது. வேண்டியவர்கள் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குப் போய், யார் முகத்தையும் பார்க்காமல், லிட்டருக்கு நூற்றுத் தொண்ணூறு கொடுத்து வாங்கினார்கள். முடியாதவர்கள் இல்லாமல் இருந்தார்கள்.

இங்கேதான் ஆறாம் விதி வருகிறது. எங்கள் கையேட்டில் அது இரண்டே வரி. குறித்த கடையில் குறித்த பொருள் இல்லையென்றால், போன வார விலையையே இந்த வாரத்துக்கும் எடுத்துக்கொள்க. கடைக்காரர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் கூட்டல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக எழுதிய விதி. ஒரு நாடு முழுக்கப் பொருளே இல்லாமல் போகும் என்று எழுதியவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

விலையக்கா எண்ணெய் வரியில் பென்சிலால் "இல்லை" என்று எழுதிக்கொண்டு வருவாள். ஓரத்தில் சின்னதாக "வெளியே 190" என்று குறித்திருப்பாள். நான் ரப்பரால் இரண்டையும் அழித்துவிட்டு மையால் 80 என்று எழுதுவேன். மாவுக்கும் அப்படி, சர்க்கரைக்கும் அப்படி. வாராவாரம். எங்கள் மேலதிகாரிக்குத் தசமம் என்று பட்டப்பெயர். புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இலக்கத்தில் தப்பு வந்தால் அன்று சாப்பிட மாட்டார், புள்ளிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் மாட்டார். அவர் என் தாள்களைச் சரிபார்த்து "சுத்தமா இருக்கு" என்று கையெழுத்துப் போடுவார்.

ஆறாவது வாரம் அவள் கண்டுபிடித்துவிட்டாள். பழைய தாள் ஒன்றை எடுக்க வந்தவள் என் மேசைக்கு முன்னால் அப்படியே நின்றாள்.

"இங்க 'இல்லை'ன்னு எழுதியிருந்தேனே. எங்க போச்சு?"

"ஆறாம் விதி, அக்கா."

"நாலு வாரமாவா?"

"நான் என்ன பண்ணட்டும்? 'இல்லை'யை எப்படிக் கூட்டறது? எனக்கு எண் வேணும்."

"நூத்தித் தொண்ணூறுன்னு ஓரத்துல எழுதியிருக்கேனே, அது எண் இல்லையா?"

"அது கடை விலை இல்லையே. சந்து விலை."

"சனங்க சந்துலதான் சார் வாங்கறாங்க!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவள் என் ரப்பரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. "இதைத் தேச்சுக்கிட்டே இருந்தா எண்ணெய் வந்துடுமா?" என்று கேட்டுவிட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தசமத்திடம் போய்ச் சொன்னாள். அவர் கையேட்டைத் திறந்து ஆறாம் விதியைப் படித்துக் காட்டினார். அதன் பிறகு அவள் தாளுக்கு அடியில் கார்பன் வைத்து எழுத ஆரம்பித்தாள். பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். நான் அழிப்பதை நிறுத்தவில்லை. எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உலகத்தில் எல்லாக் கோழைகளுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதினோராவது வாரம் அமைச்சர் வானொலியில் பேசினார். உத்தரவு போட்டதிலிருந்து விலைவாசி ஒரு புள்ளிகூட ஏறவில்லை என்றார். உண்மைதான். ஒரு புள்ளிகூட நான் ஏறவிடவில்லை. அந்த எண்ணைக் காட்டி டயர் தொழிற்சாலை சம்பளம் ஏற்ற மறுத்தது. வேலைநிறுத்தம் வெடித்தது. வாசலில் தடியடி, ஒருவனுக்குக் கண் போனது. தம்பி தோளில் வீங்கிய காயத்தோடு வீட்டுக்கு வந்து, "விலையே ஏறலைன்னு சொல்றாங்க, என்னக்கா இது?" என்று கேட்டிருக்கிறான். அவள் உறுதிமொழியை நினைத்து வாயைத் திறக்கவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டாளாம். அவள் செய்த ஒரே தப்பு என்று நான் நினைப்பது அதைத்தான். விதியைக் கட்டிக்கொண்டு அழுகிற எங்களைப் போன்றவர்கள் மட்டும்தான் செய்யக்கூடிய தப்பு.

ஜனங்கள் நம்பவில்லை என்றதும் அமைச்சகம் ஒரு வேலை செய்தது. உத்தரவுப்படி விற்கிற கடைகளின் பட்டியலைப் பேப்பரில் போடு, வாயை அடை என்றது. பட்டியல் எங்கே இருக்கிறது? எங்கள் தாள்களில். ரகசியம் என்று தலைப்பில் அச்சடித்திருப்பதைத் தசமத்திடம் நான் காட்டவில்லை. அவருக்கும் படிக்கத் தெரியும். திங்கட்கிழமை உட்கார்ந்து நானே தட்டச்சு செய்தேன். சமையல் எண்ணெய், லிட்டர் 80, பீப்பாய் எண்ணெய்க் கடை, மார்க்கெட் இரண்டாவது சந்து. அவளிடம் யாரும் சொல்லவில்லை.

செவ்வாய் காலை ஏழு மணிக்கெல்லாம் இரண்டாவது சந்தில் அறுநூறு பேர் நின்றார்கள். அறுநூறு காலி பாட்டில்கள். அதில் ஒன்று என்னுடையது.

ஆமாம், நானும் போனேன். எங்கள் வீட்டில் எண்ணெய் தீர்ந்து மூன்று வாரம். பேப்பரைப் பார்த்துவிட்டு என் மனைவி பாட்டிலைக் கழுவிக் கையில் கொடுத்தாள். அலுவலகத்தில் சிவப்பு மை வருகிற ஒரு லிட்டர் பாட்டில். கழுவக் கழுவ அடியில் ஒரு சிவப்பு வட்டம் போகவே போகாது. அந்த எண்ணை எழுதியதே நான்தான் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அது மட்டுமில்லை. அச்சில் பார்த்ததும் எனக்கே சபலம் தட்டியது. ஒருவேளை இருக்குமோ?

பீப்பாய் அண்ணன் ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கி வெளியே குனிந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "எண்ணெய் இல்லப்பா. மூணு மாசமா இல்ல. யாரு சொன்னா உங்களுக்கு?" என்றார். முன்னாலிருந்த பத்துக் கைகள் பேப்பரை நீட்டின. அவர் படித்தார். திரும்பி உள்ளே போய் இரண்டு பீப்பாய்களையும் கையால் தட்டிக் காட்டினார். வெறும் தகரச் சத்தம்.

"பின்னாடி பதுக்கி வெச்சிருக்கான்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

முதல் வரிசையில் விலையக்காவின் தம்பி நின்றிருந்தான். வேலைநிறுத்தத்தில் ஐந்து வாரமாகச் சம்பளம் இல்லை. தோளில் மஞ்சள் பற்று சட்டைக்கு மேலே தெரிந்தது. அவன் அமைதியாகத்தான் ஆரம்பித்தான்.

"அண்ணே, எனக்கு உங்களைத் தெரியும். மரியாதையா குடுத்துடுங்க. வீட்ல கைக்குழந்தை இருக்கு."

"தம்பி, சத்தியமா இல்லடா."

"இது எங்கக்கா எடுத்த விலை. எங்கக்கா இல்லாததை எழுத மாட்டா."

"நீ உங்கக்காவையே கேளு தம்பி—"

"அப்போ எங்கக்கா பொய் சொல்றாளா?"

அறுநூறு பேருக்கும் கேட்கிற மாதிரி அவன் திரும்பிக் கத்தினான். "எங்கக்கா சொன்னா சொன்னதுதான்! இவன்தான் பொய் சொல்றான்!" திரும்பிய வேகத்தில் கையிலிருந்த பாட்டிலை அவர் தலையில் அடித்தான். ஒரே ஒரு அடி. பாட்டில் கழுத்து வரைக்கும் உடைந்தது. பீப்பாய் அண்ணன் கையைத் தலையில் வைத்து, எடுத்து, விரல்களைப் பார்த்தார். அவ்வளவுதான், கூட்டம் அவர்மேல் விழுந்தது.

நான் வரிசையில் பதினெட்டாவது ஆள். நடந்தது எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஷட்டரைப் பிய்த்தார்கள். காலைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். முக்காலியால் அடித்தார்கள். பம்பைப் பீப்பாயிலிருந்து பிடுங்கி, அந்த இரும்புத் தண்டால் முதுகில் அடித்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றி அடித்தார். கண்ணாடி போட்ட, மரியாதையான மனிதர், எங்கள் தெருவில் பள்ளிக்கூட வாத்தியார். "எங்க வெச்சிருக்க? எங்க வெச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே அடித்தார்கள். பீப்பாய் அண்ணன் ஆரம்பத்தில் இல்லை, இல்லை என்றார். பிறகு "தர்றேன், தர்றேன்" என்றார். இல்லாததை எங்கிருந்து தருவது? தர்றேன் என்றதும் இன்னும் பலமாக அடித்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த எண் பொய், அதை எழுதியவன் நான் என்று ஒரே வார்த்தை. பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

விலையக்கா வழக்கம்போல ரொட்டிக் கடையில் ஆரம்பித்திருந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்தாள். கூட்டம் வழிவிடவில்லை. அவள் முழங்கையால் இடித்தாள், அட்டையின் விளிம்பால் முகங்களில் வெட்டினாள், வழியை மறித்த ஒருவன் கையைக் கடித்தாள். அவள் உள்ளே போனபோது பீப்பாய் அண்ணன் இரண்டு பீப்பாய்களுக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தார். மூச்சு இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வாயிலிருந்து இரத்தக் குமிழி வந்து உடைந்தது. அவள் கவிழ்ந்து கிடந்த முக்காலியை நிமிர்த்தி அதன்மேல் ஏறினாள்.

"நிறுத்துங்கடா!"

அப்படி ஒரு குரல் அவளுக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அட்டைக்கு அடியிலிருந்து கார்பன் பிரதிகளை உருவினாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் படித்தாள். "ஏழாவது வாரம், எண்ணெய் இல்லை. எட்டாவது வாரம், இல்லை. ஒம்பதாவது வாரம், இல்லை. பத்து, இல்லை. பதினொண்ணு..." பதினாறு வரைக்கும் படித்தாள். "இந்த மனுஷன்கிட்ட ஒரு சொட்டு இல்ல. நான் வாராவாரம் வந்து பார்த்திருக்கேன். நான் சொல்றேன், இல்ல!"

தம்பி கையில் பாட்டிலின் கழுத்து மட்டும் இருந்தது. அதைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். கீழே கிடந்தவரைப் பார்க்கவில்லை.

"அப்போ எண்பதுன்னு பேப்பர்ல போட்டது யாருடி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் தலையை நிமிர்த்தினாள். கூட்டத்துக்கு மேலாக அவள் பார்வை வந்தது. என்மேல் நின்றது. என் கையிலிருந்த பாட்டிலுக்குப் போனது, அடியிலிருந்த சிவப்பு வட்டத்துக்கு. மறுபடி என் முகத்துக்கு வந்தது. ஒரு விரலை நீட்டினால் போதும். அறுநூறு பேர் என் பக்கம் திரும்பியிருப்பார்கள்.

"விலை எடுத்தவன்னு அந்தத் தாள்ல கீழ கையெழுத்து போட்டவ நான்தான்" என்றாள். "அடிக்கணும்னா என்னை அடிங்க. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

நான் பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

மீதி நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அவளை முக்காலியிலிருந்து இழுத்துப் போட்டு அதே பம்புத் தண்டால் அடித்தார்கள். எழுதுகிற கை என்று குறிவைத்து வலது கையை அடித்தார்கள். மூன்று விரல்கள் நசுங்கின. தம்பி அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். அவனோடு சேர்ந்து பீப்பாய் அண்ணனை அடித்தவர்களே இப்போது அவன் விலாவை மிதித்தார்கள். போலீஸ் வந்து சந்தின் இரண்டு முனைகளையும் அடைத்துக்கொண்டு சுட்டது. பாட்டிலோடு ஓடிய ஒரு பெண்ணும் ஒரு மில் தொழிலாளியும் செத்தார்கள். பீப்பாய் அண்ணனைத் தூக்கும்போது உயிர் இல்லை. கடைக்குப் பின்னால் தோண்டிக்கூடப் பார்த்தார்கள். கிடைத்தது ஒரு பழைய புனல்.

வழக்கு எட்டு மாதத்தில் வந்தது. அறுநூறு பேரில் ஒருத்தரும் எதையும் பார்க்கவில்லை. எல்லாரும் வரிசையில் பின்னால் நின்றவர்கள். முன்னால் நின்றவர் என்று யாருமே இல்லை. நானும் போலீஸிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். விலையக்கா கூண்டில் ஏறினாள். தம்பி அடித்தபோது அவள் அங்கே இல்லை, இது எல்லாருக்கும் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் வழக்கு பிசுபிசுத்துப்போயிருக்கும். தம்பி மனைவி குழந்தையோடு கடைசி பெஞ்சில் இருந்தாள்.

"உங்க தம்பி அடிச்சானா?" என்று வக்கீல் கேட்டார்.

"அடிச்சான். ஒரே ஒரு தடவை. ஆஸ்பத்திரியில என்கிட்ட அவனே சொன்னான்."

தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அக்கா சொன்னால் சொன்னதுதான் என்று அவனுக்குத் தெரியும்.

"ஆனா அவன் நம்பி அடிச்ச எண் என்னுது இல்ல, ஐயா. நான் இல்லைன்னு எழுதினேன். அழிச்சிருக்காங்க. ஆபீஸைக் கேளுங்க."

என்னைக் கூப்பிட்டார்கள். பதினாறாவது வாரத் தாளை நீதிபதி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் கசிந்தது. இது யார் வேலை என்று கேட்டார். தசமம் கையேட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைத் திறந்து, "ஆறாம் விதி, ஐயா" என்றேன். நீதிபதி வாங்கிப் படித்தார். இரண்டு வரிதானே, உடனே முடிந்துவிட்டது. தலையசைத்துக் கையேட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் இறங்கி வந்துவிட்டேன். தம்பிக்கு ஒன்பது வருஷம்.

அதற்குள் நாட்டில் எல்லாம் மாறியிருந்தது. எங்கள் மார்க்கெட்டைப் போல இன்னும் ஏழு ஊர்களில் எரிந்த பிறகு, அரசாங்கம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. பணத்தின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தது. கப்பல்கள் வந்தன. கடைகள் நிறைந்தன, விலையும் உண்மை விலை ஆனது. ஒரே மாதத்தில் குறியீடு முப்பத்தொரு புள்ளி ஏறியது. டயர் தொழிற்சாலையில் எல்லாருக்கும் சம்பளம் ஏறியது. எனக்குப் பதவி உயர்வு வந்தது; சுத்தமான வேலைக்காரன் என்று தசமம் சிபாரிசு செய்திருந்தார்.

தீர்ப்புக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை விலையக்கா அலுவலகத்துக்கு வந்தாள். தாளை மேசையில் வைத்தாள். இடது கையால் எழுதிய கோணல் எழுத்துகள். எண்ணெய் வரியில் 210. எல்லாம் மையில்.

"பேனாவுல எழுதக் கூடாதேக்கா" என்றேன். சொல்ல வேறு என்ன இருந்தது எனக்கு?

"ஏன், ரப்பருக்கு வேலை இல்லாம போயிடுமா?"

பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். கழுத்து வரைக்கும் எண்ணெய். அடியில் சிவப்பு வட்டம்.

"அன்னிக்கு வரிசையில நின்னீங்களே. விட்டுட்டு ஓடிட்டீங்க" என்றாள். "எடுத்துக்கோங்க, கூட்டல் சார். கடை விலைதான்."

நசுங்கிய கையை மார்போடு வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் எழுதிய 210-ஐ அப்படியே கூட்டலில் ஏற்றினேன். பாட்டிலைச் சாக்கடையில் கொட்டிவிட வேண்டும் என்று வழி முழுக்க நினைத்தேன். கொட்டவில்லை. என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். எத்தனை நாளாச்சு என்று வாணலியை அடுப்பில் வைத்தாள். அன்று வீட்டில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.